உள்ளே துளை, வெளியே வட்டம்

நெய்வேலியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. சுரங்கத்தில் வாளிச் சக்கரம் சுழன்று மேல்மண்ணை அள்ளுகிறது. வெட்டிய மண்ணும் பழுப்பு நிலக்கரியும் சுழலும் உருளைகளின் மேல் கன்வேயரில் போகின்றன. அனல்மின் நிலையத்தில் டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் கணக்கு சரியாக இருக்கும். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) உருவாயிற்று. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அன்று முதல் இந்த ஊர்ப் பட்டறைகள் ஓயாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: பொருளின் மையமும் அது சுழலும் அச்சும் ஒன்றாக இருக்கின்றனவா? என்.எல்.சி.யில் தொழில் பழகச் சேரும் ஐ.டி.ஐ. இளைஞர்களின் பிரிவுகளில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் வரிசையில் டர்னருக்கும் இடம் இருப்பது அதனால்தான்.

பணிக்காலம் முழுக்க இரும்பைக் கடைந்த டர்னர் ஒருவர் ஓய்வு பெற்றபின் சிறிய மர லேத் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாகப் பலாக்கட்டையில் ஒரு பேனா. கட்டையில் 7 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் குழாயை ஒட்டுகிறார். மேண்ட்ரல் என்னும் ஒல்லித் தண்டில் கோத்துக் கடைகிறார். லேத்தில் சுற்றும்போது ஒரு குறையும் தெரியவில்லை. கழற்றி நடுவளையத்தைப் பொருத்தியதும்தான் விஷயம் வெளிப்படுகிறது. ஒரு பக்கம் மரம் உலோகத்தோடு வழுவழுவென்று சேர்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் நகம் தட்டுகிறது. இரும்பில் மில்லிமீட்டரின் நூறில் இரண்டு பங்கு பிசகாமல் வேலை பார்த்தவருக்கு மரத்தில் ஏன் இப்படி?

விடை மரத்தில் இல்லை. மரத்தைத் தாங்கிய அந்த ஒல்லித் தண்டில் இருக்கிறது.

மூன்று வகைப் பிடி

லேத்தில் ஒரு பொருளை மூன்று விதமாகப் பிடிக்கலாம். வெளிப்புறத்தைச் சக்கின் தாடைகளால் கவ்வலாம். இரு முனைகளையும் சென்டர் என்னும் இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே அழுத்தி நிறுத்தலாம். பொருளில் ஏற்கெனவே துளை இருந்தால், அதற்குள் ஒரு தண்டைச் செலுத்தித் தண்டையே சுழற்றலாம். மூன்றாவது வகையில் வரும் தண்டுதான் மேண்ட்ரல்.

முதல் இரண்டிலும் வெளிப்புறமோ முனையோதான் நமக்கு ஆதாரம். மூன்றாவதில் ஆதாரம் துளை. கட்டை கோணலாக இருக்கலாம், துளை கட்டையின் நடுவில் விழாமலும் போகலாம். அதனால் கெடுதல் இல்லை. துளையை அச்சாகக் கொண்டு கடைந்தால், கடைந்து முடித்த வெளிவட்டம் துளையோடு ஒரே மையத்தில் நிற்கும். பேனா, விளக்குத் தண்டு, வளையல், சப்பாத்திக் கட்டையின் சுழலும் குழல் என்று துளையுள்ள பொருள் எதுவானாலும் முதலில் துளை, பிறகு வெளிப்புறம் என்ற வரிசை இதனால்தான் வந்தது.

நாதஸ்வரம் சொல்லும் பாடம்

துளைக்கும் வெளிவட்டத்துக்கும் உள்ள உறவு வெறும் அழகுச் சங்கதியா? தமிழ்நாட்டில் இதற்குச் சரியான சாட்சி நாதஸ்வரம். கும்பகோணத்துக்கும் ஆடுதுறைக்கும் பக்கத்திலுள்ள நரசிங்கம்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக இதைக் கடைகிறார்கள். 1955இல் நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக சுத்த மத்தியமம் பேசும் பாரி நாதஸ்வரத்தை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்தது இந்த ஊரில்தான். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதன் உடல் ஆச்சா மரம். பழைய வீடுகளில் உத்தரமாக, தூணாக இருந்து பல பத்தாண்டுகள் உலர்ந்த கட்டையைத் தேடி வாங்குகிறார்கள். உள்ளே போடும் துளை மேலே குறுகி, கீழே போகப் போக அகன்று கூம்பாக இருக்கும். வெளியே ஏழு விரல் துளைகள். அடியில் சுருதியைத் திருத்த இன்னும் ஐந்து.

விரல் துளையின் சுருதி அது இருக்கும் இடத்தால் மட்டும் முடிவாவதில்லை. குழலின் சுவர் அந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்பதும் கணக்கில் சேரும். துளை என்பது ஒரு குட்டிக் கிணறு. அதன் ஆழம் கூடினால் அதிலுள்ள காற்றின் நிறை கூடும், சுருதி சற்று இறங்கும். வெளிவட்டம் உள்துளையோடு மையம் பிசகினால் ஒரு பக்கம் சுவர் தடிக்கும், மறுபக்கம் மெலியும். துளையை எந்தப் பக்கத்தில் போட்டோம் என்பதைப் பொறுத்துச் சுருதியும் நகரும். மில்லிமீட்டரின் சிறு பகுதி கண்ணுக்குப் பிடிபடாமல் போகலாம், ஆனால் ஊதுகிறவரின் காதை ஏமாற்ற முடியாது.

தண்டை எப்படித் தேர்வது

பேனாவுக்கென்று விற்கும் சாதாரண மேண்ட்ரலின் விட்டம் ஏறத்தாழ 6.25 மி.மீ. அதில் பேனாவின் மேல், கீழ்ப் பாகங்களாகும் இரண்டு குழல்களையும் இடையிடையே விட்டம் காட்டும் உலோகப் புஷ்களையும் கோத்தால் தாங்கலில்லாத நீளம் 150 மி.மீ. அளவுக்கு வரும். உளி 2 கிலோ விசையில் நடுவில் அழுத்துகிறது என்று வைத்து, எஃகின் விறைப்பை எடுத்துக் கணக்குப் போட்டால் தண்டு ஏறக்குறைய 0.09 மி.மீ. வளையும். ஒரு தாளின் தடிமன் அது.

இந்தக் கணக்கில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். விட்டத்தின் நான்காம் அடுக்கில் குறையும். நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது இரண்டு குழல்களையும் சேர்த்துக் கோக்காமல் ஒவ்வொன்றாகக் கடைந்தாலே 0.09 என்பது 0.01 அளவுக்கு இறங்கிவிடும். விட்டத்தை 6.25இலிருந்து 8 மி.மீ. ஆக்கினால் விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடும். ஆகவே முதல் விதி: துளை அனுமதிக்கும் மிகத் தடித்த தண்டு, வேலை அனுமதிக்கும் மிகக் குட்டையான நீளம். நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள மேண்ட்ரலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இதனால் வீண்செலவு ஆகாது.

மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கின் துணையே இல்லாமல் ஒரு முனையில் மட்டும் பிடித்தால் என்ன ஆகும்? அதே தண்டு, அதே 2 கிலோ. ஆனால் விசை தொங்கும் முனையில் விழுந்தால் வளைவு 16 மடங்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். அது கடைசல் ஆகாது, உதறல்தான் மிஞ்சும்.

அடுத்தது, தண்டு லேத்தில் அமரும் முனை. பெரும்பாலான மேண்ட்ரல்களில் இது மோர்ஸ் டேப்பர் என்னும் சரிவுக் கூம்பு. அமெரிக்கரான ஸ்டீஃபன் மோர்ஸ் 1860களில் வகுத்த அளவு, இன்றும் உலகமெங்கும் புழங்குகிறது. ஒவ்வொரு 20 மி.மீ. நீளத்துக்கும் விட்டம் சுமார் 1 மி.மீ. மாறும் மிக மென்மையான சரிவு. ஒரு பக்கத்துக்குக் கணக்கிட்டால் ஒன்றரை பாகை. சரிவு இவ்வளவு குறைவாக இருப்பதால் எஃகுக்கும் எஃகுக்கும் உள்ள உராய்வே கூம்பைப் பிடித்துக்கொள்கிறது. திருகும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். சிறிய லேத்துகளில் 1ஆம் எண்ணும் நடுத்தர லேத்துகளில் 2ஆம் எண்ணும் வழக்கம். 2ஆம் எண்ணின் பெரிய முனை விட்டம் 17.78 மி.மீ. வாங்குமுன் லேத்தின் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிடிக்கு ஒரு பலவீனம் உண்டு. டெயில் ஸ்டாக் அழுத்திப் பிடிக்காதபோது அதிர்வில் கூம்பு தளர்ந்து வெளியே வந்துவிடலாம். கிண்ணத்தின் அடிப்பாகம், பாட்டில் மூடி போன்றவற்றை ஒரு முனைப் பிடியில் கடைபவர்கள், பொருளைச் சுழற்றும் ஹெட் ஸ்டாக்கின் பின்புறத்திலிருந்து நீளத் திருகு ஒன்றைச் செலுத்திக் கூம்பை உள்ளே இழுத்துக் கட்டியே ஆக வேண்டும்.

எல்லாத் துளைக்கும் ஒல்லித் தண்டு பொருந்தாது. துளையின் அளவு சற்று முன்பின் இருந்தால், உள்ளே போனபின் விரிந்து பிடிக்கும் மேண்ட்ரல் வேண்டும். ஒரே ஒரு வளையல், ஒரே ஒரு மூடி என்றால் கடைக்கே போக வேண்டாம். ஒரு கழிவுக் கட்டையை லேத்திலேயே மிக லேசான சரிவாகக் கடைந்து பொருளை அதில் இறுகச் செருகினால் போதும். அந்தக் கட்டை லேத்தை விட்டு இறங்காதவரை அதைவிடத் துல்லியமான மேண்ட்ரல் கிடையாது, ஏனென்றால் அது பிறந்ததே அந்த அச்சில்தான். மிருதங்கக் கட்டை போன்ற பெரிய உள்ளீடற்ற பொருளைத் துளையை ஆதாரமாக வைத்துக் கடைய வேண்டுமானால் நடுவே தண்டு தேவையில்லை. இரு வாய்களிலும் இரண்டு கூம்புகள் அமர்ந்தால் பொருளே தண்டாகிவிடும்.

பிழையில் மூன்று இனம்

சைக்கிள் கடையில் ரிம்முக்குக் கோட்டம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தைச் சுழலவிட்டு ஒரு சாக்குக்கட்டியை அசையாமல் பக்கத்தில் பிடிக்கிறார்கள். கோட்டம் உள்ள இடத்தில் மட்டும் கோடு விழும். லேத்தில் நடப்பது இதற்கு நேரெதிர். உளி கோடு போடுவதோடு நிற்பதில்லை, மேடாக இருப்பதை வெட்டியும் விடுகிறது. ஆகவே தண்டு எவ்வளவு கோணலாக இருந்தாலும் வெட்டிய மேற்பரப்பு சுழலும் அச்சுக்குச் சரியாகவே இருக்கும். லேத்தில் இருக்கும்வரை பிழை கண்ணில் படாது. கழற்றிய பிறகு, துளையோடு ஒப்பிடும்போதுதான் தெரியும்.

மேண்ட்ரல் வேலையில் வரும் தொல்லைகளை வரிசையாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிழை எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் மூன்றே இனம்தான்.

முதல் இனம், இடத்தில் நிற்கும் பிழை. உளியின் அழுத்தத்தால் தண்டு விலகுவது, டெயில் ஸ்டாக் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பது ஆகியவை இந்த வகை. தண்டு சுழன்றாலும் விலகல் ஒரே திசையில் நிற்கிறது. அதனால் வட்டம் கெடாது, மையமும் கெடாது, தடிமன் மட்டும் மாறும். நடுவில் பருத்தோ ஒரு முனைக்குச் சரிந்தோ வரும். காலிப்பரால் அளந்து உளியாலேயே திருத்திவிடலாம். உளியைத் தீட்டி, கடைசிச் சுற்றில் மெல்லச் சீவினால் பாதித் தொல்லை போய்விடும்.

இரண்டாம் இனம், தண்டோடு சுழலும் பிழை. வளைந்த தண்டு இந்த இனத்தைச் சேர்ந்தது. வளைவும் கூடவே சுழல்வதால் கட்டையின் ஒரு பக்கம் கூடுதலாக வெட்டுப்படும். வட்டம் வட்டமாகவே இருக்கும், ஆனால் துளை அதன் மையத்தில் இருக்காது. நம் டர்னரின் நகம் தட்டியது இதில்தான். தண்டின் வளைவு நடுவில்தான் அதிகம் என்பதால் நடுவளையத்தில் முதலில் வெளிப்பட்டது.

மூன்றாம் இனம், மரத்தோடு வாழும் பிழை. லேத் சரி, தண்டு சரி, கடைந்த நாளில் வட்டமும் சரி. மாதம் போனபின் பார்த்தால் முட்டை வடிவம். இதற்கு மேண்ட்ரலைத் திட்டிப் பயனில்லை.

நல்ல தண்டை வளைப்பது யார்?

புதிதாக வாங்கிய நேரான தண்டும் வேலையின்போது வளையக்கூடும். பெரும்பாலும் அதை வளைப்பது நம் கையேதான். முனையிலுள்ள நட்டைக் கையால் திருகினாலே 40 கிலோ அளவுக்கு நீளவாக்கில் அழுத்தம் எழும். குழலின் முனை துளைக்குச் செங்குத்தாக இருந்தால் இந்த விசை தண்டைச் சுற்றிச் சமமாகப் பரவும். முனை சற்றுச் சாய்ந்திருந்தால் புஷ் அதில் ஒரு ஓரத்தில் மட்டும் முட்டும். விசை மையத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி விழுகிறது என்று கொண்டு தண்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், நடுவில் வரும் வளைவு கால் மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். உளியின் அழுத்தம் தந்த வளைவைப்போல மூன்று மடங்கு! அதுவும் சுழலும் வளைவு. பித்தளைக் குழாய் ஒட்டியதும் முனைகளைச் செங்குத்தாகச் சீவ வேண்டும் என்று தேர்ந்தவர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

டெயில் ஸ்டாக்கை மிகையாக இறுக்குவது அடுத்த குற்றவாளி. ஒல்லித் தண்டை இரு முனையிலும் நெருக்கினால் அது தப்பிக்கப் பார்க்கும் வழி பக்கவாட்டில்தான். டெயில் ஸ்டாக்கில் உள்ள, தானும் சுழலக்கூடிய லைவ் சென்டர் தண்டைத் தொட்டு, கூடவே சுற்றத் தொடங்கினால் போதும்; அதற்கு மேல் அரைத் திருகுகூட வேண்டாம்.

சென்டரின் கூர்மையும் முக்கியம். மேண்ட்ரல் முனையிலுள்ள குழி 60 பாகைக்குக் குடையப்பட்டது. மரவேலைக்கென்று வரும் சென்டர்கள் சிலவற்றின் கூம்பு வேறு கோணத்தில் இருக்கும். கோணம் ஒத்துப்போகாவிட்டால் முழுப்பரப்பும் அமராது. ஒரு மெல்லிய வளையம் மட்டும் தொடும். நாளடைவில் குழி தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கும். 60 பாகை லைவ் சென்டரையே கேட்டு வாங்க வேண்டும்.

தூசியை மறந்துவிடக் கூடாது. மோர்ஸ் கூம்பின் ஒரு முனையில் 0.05 மி.மீ. தடிமனுள்ள மரத்துகள் சிக்கியதாக வைத்துக்கொள்வோம். கூம்பு தொடும் நீளம் சுமார் 64 மி.மீ.; தண்டு அதற்கு மேல் 150 மி.மீ. நீள்கிறது. அந்தச் சாய்வு தண்டின் மறுமுனையைப் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகச் செய்யும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கூம்பையும் அது நுழையும் வாயையும் துணியால் துடைப்பது பழக்கமாகிவிட வேண்டும்.

புஷ்களுக்கும் ஆயுள் உண்டு. உப்புத்தாள் மரத்தோடு புஷ்ஷையும் சேர்த்தே தேய்க்கிறது. புஷ் தேய்ந்தால், அதை அளவாகக் கொண்டு கடையும் மரமும் மெலிந்துபோகும். மாதத்துக்கு ஒருமுறை காலிப்பரில் அளந்து, பேனா உதிரிபாகத்தின் விட்டத்தோடு ஒப்பிடலாம். மெருகுக்குப் பூசும் பசை புஷ் முகத்தில் ஒட்டிக் காய்ந்தாலும் அதுவே சாய்ந்த முனையின் வேலையைச் செய்துவிடும்.

சோதனை வரிசை

குறை தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது வழக்கம். அப்படிச் செய்தால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

முதலில் கட்டையோ புஷ்ஷோ இல்லாமல் வெறும் தண்டை மட்டும் மாட்டி, டெயில் ஸ்டாக்கைத் தொடாமல், ஹெட் ஸ்டாக் ஓரமாக, சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். அங்கேயே முள் ஆடினால் கூம்பில் அழுக்கு, அல்லது லேத்தின் ஸ்பிண்டிலிலேயே குறை. முள்ளின் மொத்த ஆட்டம் மையப் பிசகின் இரு மடங்கு என்பதை மறக்க வேண்டாம், 0.1 காட்டினால் பிசகு 0.05.

அடுத்து டெயில் ஸ்டாக்கைக் கொண்டுவந்து, கேஜை நடுவில் வைத்து, மெல்ல மெல்ல இறுக்குங்கள். எந்த இறுக்கத்தில் ஆட்டம் கூடுகிறதோ அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். இறுக்காதபோதே நடுவில் ஆட்டம் இருந்தால் தண்டு நிரந்தரமாக வளைந்துவிட்டது. அதைத் தட்டி நிமிர்த்துவதைவிடப் புதிது வாங்குவது மலிவு.

மூன்றாவதாகக் குழல்களைக் கோத்து நட்டை இறுக்கி மறுபடி பாருங்கள். இப்போது புதிதாக வரும் ஆட்டம் குழல் முனைகளுடையது. சந்தேகமிருந்தால் தண்டில் ஒரு பேனாக் கோடு, குழலில் ஒரு கோடு போட்டு, குழலை மட்டும் அரைச் சுற்று திருப்பி மாட்டுங்கள். ஆட்டத்தின் உச்சம் குழலின் கோட்டோடு இடம் மாறினால் குறை குழலில். தண்டின் கோட்டிலேயே நின்றால் குறை தண்டில்.

டயல் கேஜ் இல்லாதவர்கள் ஒரு வெள்ளைத் தாளைப் பின்னணியில் பிடித்து, சுழலும் தண்டின் விளிம்பைப் பார்க்கலாம். விளிம்பு கூராகத் தெரிந்தால் நல்லது, மங்கலாகத் தெரிந்தால் தண்டு ஆடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் தண்டு தொல்லை கொடுத்தால் அதைக் கைவிட்டுவிடலாம். புஷ்களையே இரண்டு சென்டர்களுக்கு இடையே நிறுத்தி ஒவ்வொரு குழலாகக் கடையும் முறை இருக்கிறது. வளைவதற்குத் தண்டே இல்லாததால் இரண்டாம் இனப் பிழையின் பெரிய ஊற்று அடைபட்டுவிடும். வேகம் சற்றுக் குறையும், துல்லியம் கூடும்.

பலா சொல்லும் கணக்கு

மூன்றாம் இனத்துக்கு வருவோம். பண்ருட்டி வட்டாரப் பலா பழத்துக்கு மட்டும் பேர்போனதல்ல. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் மரம் தருவதும் இந்த நிலம்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, இந்தப் பகுதியின் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அப்படிச் சாய்ந்த பச்சை மரத்தை உடனே கடைந்துவிடலாமா என்றால், கூடாது.

மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் மிக மிகக் குறைவு. ஆகவே வட்டமாகக் கடைந்த பச்சை மரம் முட்டையாவது குறையல்ல, அதன் இயல்பு.

உலர்ந்த மரமும் காற்றோடு ஈரத்தைக் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடு இருக்கையில் மரத்தின் ஈரம் 12 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். 85 ஆனால் 18 வரை ஏறும். அக்னி நட்சத்திரத்துக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே நெய்வேலி மரம் இப்படி ஏறி இறங்குகிறது. 200 மி.மீ. அகலமுள்ள கிண்ணத்தில் இந்த ஆறு விழுக்காட்டு மாற்றம், சராசரி மரத்துக்கு, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வட்டத்தைக் குலைக்கும். பேனாவில் விட்டம் சிறிது, உள்ளே பித்தளைக் குழாயும் தாங்குவதால் பாதிப்பு மிகக் குறைவு. ஆனால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்துச் சூடேற்றினால் பித்தளை விரியும், மரமோ ஈரம் இழந்து சுருங்கப் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொள்வது பசையும் மரத்தின் நார்களும். மயிரிழை விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். குழலைத் தொட்டுப் பார்த்துக் கை சுட்டால் லேத்தை நிறுத்திவிட வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். தொங்கும் துண்டு, நீளக் கைச்சட்டை, கழுத்துச் சங்கிலி எதுவும் சுழலும் தண்டின் பக்கம் போகக் கூடாது. கடையில் மேண்ட்ரல் வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது விலையையும் பிராண்டையும்தான். கேட்க வேண்டியவை வேறு: கூம்பின் எண் என்ன, விட்டம் எவ்வளவு, நீளத்தைக் குறைக்க முடியுமா, முனைக் குழி 60 பாகையா? இந்த நான்குக்கும் சரியான பதில் கிடைத்தால் மலிவான தண்டும் நன்றாக உழைக்கும். கிடைக்காவிட்டால் விலை உயர்ந்ததும் உங்களை ஏமாற்றும்.